புல்லியை விட்டுக் குளிர்ச்சியில் காசு போட்ட கதை

சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, உள்ள கார் ஒன்று கைக்கு வந்தால், கொஞ்ச நாளிலேயே யாராவது அதைச் சுற்றும் பெல்ட் சக்கரமான புல்லியின் பேச்சை எடுத்துவிடுவார்கள். சின்ன புல்லி ஒன்று, அதற்கேற்ற பெல்ட் ஒன்று, எஞ்சின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வில் ஒரு மேப் (பெட்ரோல், ஸ்பார்க் அளவுகளைச் சொல்லும் அட்டவணை). எஞ்சினைப் பிரிக்காமலே 15 சதவீதம் கூடுதல் காற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் அந்தப் பேச்சு வந்தது. வெளியூரில் டியூனிங் செய்யும் ஒருவர் விலையும் சொல்லி, எப்போது வண்டியைக் கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். நான் அளந்து, கணக்குப் போட்டு, நாலு பேரிடம் விசாரித்து, கடைசியில் புல்லியைத் தொடாமல் அந்தக் காசைக் குளிர்ச்சிப் பக்கத்தில் போட்டேன். ஏன் அப்படி என்பதை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ரோட்டையும் காற்றையும் வைத்துச் சொல்கிறேன். டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கும் குளிர் ஊரில் இருக்கிறவர்களுக்கும் விடை வேறாக வரலாம். ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

என்னிடம் இருப்பது மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. 200 கொம்ப்ரெஸர். 2004-ல் வந்த ஆர் 171 தலைமுறை. இரண்டு பேர் உட்காரலாம், கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும். 1,796 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சின், பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜர், 163 பி.எஸ். குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர் இழுவை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வளைகுடாவில் சில்லர் (பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் இயந்திரம்) பராமரிப்பில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். தக்கலை வீட்டில் நிறுத்தி, ஆசை ஆசையாக ஓட்டுகிற வண்டி இது. அந்த வேலைப் பழக்கத்தால் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்றுதான் முதலில் தேடுவேன். புல்லி விஷயத்திலும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

முதலில் புல்லிக் கணக்கு. எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டில் இருக்கும் கிராங்க் புல்லியின் விட்டத்தை சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் வேக விகிதம் கிடைக்கும். கணக்குக்காக 150 மி.மீ., 75 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 2. எஞ்சின் 6,000 சுற்றில் ஓடினால் சூப்பர்சார்ஜர் 12,000. மேலே உள்ள சூப்பர்சார்ஜர் புல்லியை 65 மி.மீ. ஆக்கினால் 13,850-ஐ ஒட்டி வரும், அதாவது 15 சதவீதம் கூடுதல். கீழே உள்ள கிராங்க் புல்லியைப் பெரிதாக்கினாலும் இதே வேகத்தை எட்டலாம். ஆனால் ஒரே பெல்ட்டில் தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் கோத்திருக்கும் எஞ்சினில் கிராங்க் புல்லியைப் பெரிதாக்கினால் அத்தனையும் சேர்ந்து வேகமெடுக்கும். அதிக சுற்றில் தண்ணீர் பம்பின் இம்பெல்லரைச் சுற்றிக் குமிழி கட்ட ஆரம்பித்தால் பம்ப் வேகமாகச் சுற்றியும் தண்ணீர் நகராது. மேல் புல்லியைச் சின்னதாக்கினால் அந்தத் தொல்லை இல்லை; ஆனால் பெல்ட் அதன்மேல் சுற்றிப் பிடிக்கும் நீளம் குறைந்துவிடும். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. ஈரப் பெல்ட் சின்ன புல்லியில் வழுக்கினால் கீச்சென்று சத்தம் வரும், பெல்ட் பளபளவென்று தேய்ந்துபோகும், கூட்டிய காற்றும் வராது.

இனி சூட்டுக் கணக்கு. இதைத்தான் புல்லி விற்கிறவர்கள் பேசுவதில்லை. காற்றை அழுத்தினால் சூடாகும், அது யாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு சூடாகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரின் செயல்திறன் 50 முதல் 60 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். 55 என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே போகும் காற்று 33 டிகிரி, நம்ம ஊர்ப் பகல் சூடு. வெளிக்காற்றைப் போல 1.4 மடங்கு அழுத்தம் என்றால், சூப்பர்சார்ஜரை விட்டு வெளியே வரும் காற்று ஏறக்குறைய 89 டிகிரியில் வரும். 15 சதவீதம் வேகம் கூட்டி அழுத்தம் 1.6 மடங்கு ஆனால் 113 டிகிரி. வெறும் 0.2 பார் கூடுதலுக்கு 24 டிகிரி கூடுதல்.

இந்தச் சூட்டை இறக்கத்தான் முன்னால் இன்டர்கூலர் இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் போய், காற்று நேராக அடிக்கும்போது அது கூடிய சூட்டில் 70 சதவீதத்தை இறக்குகிறது என்று வைப்போம். பழைய புல்லியில் எஞ்சினுக்குள் போகும் காற்று 50 டிகிரி. சின்ன புல்லியில் 57. அழுத்தத்தையும் சூட்டையும் சேர்த்துக் காற்றின் அடர்த்தியைப் பார்த்தால் 12 சதவீத லாபம் வருகிறது. சரி, நல்ல லாபம்தான். இப்போது அதே வண்டியை மார்த்தாண்டம் பஸ் நிலையத்துப் பக்கம் மேம்பாலத்துக்குக் கீழே கால் மணி நேரம் ஊரவிட்டு, பிறகு மிதியுங்கள். இன்டர்கூலரே சூடேறிக் கிடக்கும். 70-க்குப் பதில் 40 சதவீதம்தான் இறக்கும். சின்ன புல்லியில் எஞ்சினுக்குள் போகும் காற்று 81 டிகிரி ஆகிவிடும். பழைய புல்லியில் இன்டர்கூலரை மட்டும் சரியாக வைத்திருக்கும் வண்டியோடு இதை ஒப்பிட்டால் அடர்த்தி லாபம் 4 சதவீதம்தான்.

அந்த 4-ம் முழுசாகக் கைக்கு வராது. கூடுதலாக அழுத்துகிற வேலைக்கு பெல்ட் வழியாக எஞ்சினே சக்தி கொடுக்க வேண்டும். என் கணக்கில் பழைய புல்லியில் சூப்பர்சார்ஜர் தின்பது 9, 10 பி.எஸ். அளவு, சின்ன புல்லியில் 15-ஐத் தொடுகிறது. கூடின 5, 6 பி.எஸ். என்பது 163-ல் 3 சதவீதத்துக்கு மேல். மிச்சம் இருப்பதை நாக்கிங் எடுத்துக்கொள்ளும். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்ளப் பார்க்கும், அதுதான் நாக்கிங். நாக் சென்சார் கேட்டவுடன் ஈ.சி.யூ. ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும். ஸ்பார்க் பின்னால் போனால் இழுவை குறையும், சைலன்சர் பக்கம் சூடு கூடும். 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) பெட்ரோலில் இது சீக்கிரம் வரும், 95-ல் கொஞ்சம் தாங்கும். காசு கொடுத்து வாங்கிய 15 சதவீதம், வெயிலும் நெரிசலும் சேர்ந்த மாலை நேரத்தில் எங்கே போயிற்று என்றே தெரியாது.

இதெல்லாம் காகிதக் கணக்கு. வண்டியில் அளந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது நான் தொழிலில் படித்தது. அதனால் வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை மாட்டி, போனில் பதிவு செய்தபடி ஓட்டினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்கேனரில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்று வருவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல வண்டிகளில் அந்த சென்சார் ஏர் ஃபில்டருக்கு அடுத்து, சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும். அது சொல்வது உள்ளே நுழையும் காற்றின் சூடு. அழுத்தியபின் என்ன ஆயிற்று என்று அதற்குத் தெரியாது. உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சூடு அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் ஒன்றை வாங்கி, இன்டர்கூலரை விட்டுக் காற்று வெளியே வரும் இடத்தில் அலுமினியப் பகுதியின்மேல் ஒட்டி, மேலே சூடு தாங்கும் டேப்பும் துண்டு ஸ்பாஞ்சும் சுற்றினேன். ரப்பர் ஹோஸின்மேல் ஒட்டினால் பலனில்லை. ரப்பர் சூட்டை மெதுவாகத்தான் காட்டும். உலோகத்தில் ஒட்டினாலும் உள்ளே இருக்கும் காற்றின் சூடு அப்படியே வராது, ஆனால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

பதிவுகளைப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது சூடு இல்லை, ஆக்சிலரேட்டர். தக்கலையிலிருந்து வில்லுக்குறி, தோட்டியோடு, பார்வதிபுரம் வழியாக நாகர்கோவில் போய்வரும் தூரம் முழுக்க, ஆக்சிலரேட்டரை முக்கால்வாசிக்கு மேல் மிதித்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. முன்னால் எப்போதும் ஒரு பஸ், பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ரப்பர் தடி லோடு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற பாதை ஓட்ட அருமையான பாதை. ஆனால் அங்கே வளைவுக்கு வளைவு ஆள் வரும், அரை மிதிக்கு மேல் போனால் நியாயம் இல்லை. அரை மிதியில் சூப்பர்சார்ஜர் காற்றில் பெரும்பகுதி பைபாஸ் என்ற திரும்பு வழியாகச் சுற்றிக்கொண்டிருக்குமே தவிர எஞ்சினுக்குள் அழுத்தமாகப் போகாது. காவல்கிணறு தாண்டி நெல்லை நான்கு வழிச்சாலையில் ஏறினால்தான் வண்டியைக் கொஞ்சம் அவிழ்த்துவிடலாம். அங்கேயும் பழைய புல்லிக்கு என்ன குறை என்று எனக்குத் தோன்றியதில்லை.

வேறெங்கும் கிடைக்காத ஒரு பாடம் அந்தப் பாதையில் கிடைத்தது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றை நம்ம ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தான். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகும்போது அந்தக் காற்று முதுகில் அடிக்கிறது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, காற்று 30-ல் பின்னாலிருந்து வருகிறது என்றால் ரேடியேட்டருக்கு நேராகக் கிடைப்பது 30 வேகக் காற்றுதான். திரும்பி வரும்போது அதே 60-ல் போனால் 90 கிடைக்கும். போகும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடும் இன்டர்கூலர் சூடும் மெல்ல ஏறி நிற்பதையும், வரும்போது, அதுவும் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு எஞ்சின் கூடுதல் வேலை செய்யும்போதே, இரண்டும் இறங்குவதையும் பதிவில் பார்த்தேன். ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரே வெயில். குளிர்ச்சி என்பது எஞ்சினைவிட முன்னால் நுழையும் காற்றைப் பொறுத்தது என்பதை இதைவிட யாரும் எனக்குப் புரியவைத்திருக்க முடியாது.

புல்லியில் இன்னொரு வகை உண்டு: கம்பெனி கிராங்க் புல்லியைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த, விட்டமும் குறைந்த அலுமினியப் புல்லி போடுவது. சூப்பர்சார்ஜர் தனி பெல்ட்டில் ஓடுகிற வண்டிகளிலும், சூப்பர்சார்ஜரே இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதைச் செய்வார்கள். பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாம் மெதுவாகச் சுற்றும், அதற்குப் போகிற சக்தி சக்கரத்துக்குக் கிடைக்கும் என்பது வாதம். தண்ணீர் பம்பை 15 சதவீதம் மெதுவாக்கினால் தண்ணீர் ஓட்டமும் 15 சதவீதம் குறையும்; அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் போவதால் 28 சதவீதம் குறையும். ஐடிலில் நிற்கும்போதுதான் இது கடிக்கும். அதே நேரத்தில்தான் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும். 600 வாட் ஃபேன் என்றால் 13.5 வோல்ட்டில் 44 ஆம்பியர். மழையில் வைப்பர், ஹெட்லைட், ஏசி புளோயர் வேறு. ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றினால் பேட்டரிதான் பாக்கியைக் கொடுக்க வேண்டும், வோல்ட் இறங்க இறங்க ஃபேனும் தளரும். ரேஸ் ஓட்டுகிறவன் ஐடிலில் நிற்பதில்லை, அவனுக்கு இது சரி. வெட்டூர்ணிமடத்தில் சிக்னலுக்கு நிற்கிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கிராங்க் புல்லியைப் பற்றிக் கோட்டாறு பக்கம் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். குளச்சல் போட் எஞ்சின் வேலையெல்லாம் அவரிடம் வரும். ஆறு பள்ளம் உள்ள பெல்ட் புல்லி கடைய முடியுமா என்று கேட்டதற்கு, அளவுக்காட்டியை எடுத்துவைத்து, பள்ளத்துக்குப் பள்ளம் 3.56 மி.மீ. வர வேண்டும், கோணம் 40 டிகிரி பிசகக் கூடாது, மையம் ஒரு நூல் ஆடினாலும் பெல்ட் நிற்காது என்று அடுக்கினார். பிறகு ராக்கில் கிடந்த பழைய கிராங்க் புல்லி ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். நடுக்குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம், பாதி வெடித்துப் போயிருந்தது. வெளி வளையத்தைப் பிடித்துத் திருகினால் லேசாக நகர்ந்தது.

“மேல உள்ள சின்ன புல்லி கேட்டா நான் கடைஞ்சு தந்திருவேன் மக்கா, அது வெறும் அலுமினியம். கீழ உள்ளத மட்டும் கேக்காத. இந்த ரப்பர் இருக்கு பாத்தியா, இது சும்மா வச்சதில்ல. எஞ்சினுக்க துடிப்ப இதாக்கும் வாங்குது. கட்டி அலுமினியத்த மாட்டினா அந்தத் துடிப்பு கிராங்குக்குள்ளதான போவும்?”

அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் இம்மி அளவு முறுக்கித் திரும்புகிறது. அந்த முறுக்கை உள்வாங்கத்தான் ரப்பர் வளையமும் கனமான வெளிச்சுற்றும். உங்கள் வண்டியில் வாங்கும் கிராங்க் புல்லியில் இந்த டாம்பர் இல்லையென்றால், எத்தனை கிலோ குறைகிறது என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். இருக்கும் புல்லியில் ரப்பர் வெடித்திருந்தால் கம்பெனிப் புல்லியே புதிதாகப் போடுங்கள். என் வண்டியின் ரப்பரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அன்று தூங்கினேன்.

இனி குளிர்ச்சிப் பக்கம் செய்தது. பெரிய ரேடியேட்டர், பெரிய இன்டர்கூலர் என்று முதலில் ஓடவில்லை. கம்பெனி கொடுத்தது முழுசாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. முன் பம்பரை இறக்கினோம். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி இருக்கும். கண்டென்சரின் கீழ்ப்பகுதியில் உள்ள மெல்லிய தகடுகளான ஃபின்கள் விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தன. கடற்கரை ஓரத்தில் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று செய்கிற வேலை இது. அடுக்குகளுக்கு நடுவில் இலைச்சருகு, பூச்சி, அப்புறம் மினுமினுவென்று கறுப்பு மணல். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை ரோட்டில் ஓட்டுகிற யாருக்கும் இந்த மணலைத் தெரியும். இல்மனைட் கலந்த இந்த மணல் கடினமானது. இதைப் பார்த்த பிறகு, பானெட்டுக்குள் திறந்தபடி வைக்கும் கோன் ஃபில்டர் யோசனையையும் அடியோடு விட்டேன். அது எஞ்சின் அறையின் சூட்டுக்காற்றை இழுக்கும். போதாததற்கு, சூப்பர்சார்ஜர் ரோட்டர்களுக்கு இடையே இருக்கிற நூலிழை இடைவெளியில் இந்த மணல் போனால் அவ்வளவுதான்.

கண்டென்சரைப் புதிதாக மாற்றினோம். மற்ற இரண்டையும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரில், ஹோஸ் வாயை விரலால் அழுத்தாமல் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் காட்டினால் ஃபின்கள் மடங்கி, கழுவியதற்கு அடைத்ததே தேவலை என்றாகிவிடும்.

இதைவிடப் பெரிய பலன் தந்தது எதிர்பாராத ஒன்று. எஞ்சினுக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு இல்லை. ரேடியேட்டரின் இரு பக்கமும் இருக்க வேண்டிய நுரை அடைப்புகளும் இல்லை. எனக்கு முன்னால் எப்போதோ ஒரு சர்வீஸில் கழற்றியவர்கள் திருப்பி மாட்டவில்லை. காற்று சோம்பேறி, நெருக்கமான ஃபின்களுக்குள் நுழைவதைவிட ஓரத்தில் இடுக்கு கிடைத்தால் அப்படியே போய்விடும். ஐடிலில் இன்னும் மோசம்: ஃபேன் தள்ளிய சூட்டுக்காற்றே கீழே சுற்றி முன்னால் வந்து திரும்பவும் ரேடியேட்டருக்குள் போகும். சில்லர் வேலையில் இந்தச் சுழற்சியை எத்தனையோ மொட்டைமாடிகளில் பார்த்திருக்கிறேன். தட்டை வரவழைத்து மாட்டினோம், இடுக்குகளை ‘குளோஸ்டு செல்’ நுரைப்பட்டையால் அடைத்தோம். நெரிசலில் 105 வரை ஏறிக்கொண்டிருந்த கூலன்ட் இப்போது ஏசி ஓடும்போதும் 97, 98-ல் நின்றுவிடுகிறது. நெரிசலை விட்டு வெளியே வந்ததும் இன்டர்கூலர் சூடு இறங்க எடுக்கும் தூரமும் பாதிக்குமேல் குறைந்தது. நுரைப்பட்டைக்கு ஆன செலவு, புல்லிக்குக் கேட்ட விலையில் தூசு.

கூலன்ட்டையும் முழுசாக மாற்றினோம். நம்ம ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. கூலன்ட்டில் இருக்கும், உறையாமல் காக்கும் கிளைக்கால் கூடக் கூடத் தண்ணீர் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும் என்பதால் 50-க்கு 50 தேவையில்லை. ஆனால் துரு தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. அதனால் அடியோடு குறைக்கவும் முடியாது. கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் கலந்தோம். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு, மற்ற இடத்து போர் தண்ணீரில் கடினம். இரண்டும் அலுமினிய எஞ்சினுக்கு ஆகாது. ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. 1.4 பார் தாங்கும் மூடி சரியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 126 டிகிரி வரை கொதிக்காது. அதே மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 100-ஐத் தாண்டியதும் ஆவி கட்ட ஆரம்பிக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பிரஷர் டெஸ்ட் செய்தபோது ஒரு ஹோஸ் கிளிப்பில் கசிவும் கண்டுபிடித்தோம்.

மார்த்தாண்டத்தில் எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் தம்பி கைசுத்தமானவன், கெட்டிக்காரன். அவனே ஒரு கட்டத்தில், “அண்ணே, தெர்மோஸ்டாட்டக் கழத்திப் போட்டிருவமா? பின்ன சூடு பிரச்சினையே வராது” என்றான். நம்ம பக்கம் பாதி ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சூடு ஏறினால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். திறந்துவிட்ட பிறகு அது தண்ணீரைத் தடுப்பதில்லை; நெரிசலில் சூடு ஏறும்போது அது ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும். கழற்றுவதால் ரேடியேட்டர் பெரிதாகிவிடாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்தட்டு, திறக்கும்போது, ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், சூடு முன்னைவிடக் கூடும். காலையில் எஞ்சின் சூடேறவும் நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் அதிகமாகப் பாயும், ஆயில் கெடும். குறைந்த டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் இப்படித்தான், தொடங்கும் இடத்தை மாற்றுமே தவிர முடியும் இடத்தை மாற்றாது. இதைச் சொன்னதும், “அப்பம் புதுசு போடுவம் அண்ணே” என்று அவனே கம்பெனி தெர்மோஸ்டாட் ஆர்டர் போட்டான். ஃபேனை நேராக சுவிட்ச் வைத்து ஓட்டும் பழக்கத்தையும் தவிர்த்தோம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கண்ட்ரோல் யூனிட் உள்ள ஃபேனுக்கு நேர் ஒயர் கொடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

பெரிய இன்டர்கூலர் போடுவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது புல்லியைவிட நல்ல செலவு. எந்தப் புல்லியிலும் பலன் தரும். ஆனால் தடிமனான இன்டர்கூலர், பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும் காற்றைத் தடுக்கும். இன்டேக் காற்றைக் குளிரவைத்து எஞ்சினைக் கொதிக்கவிடுவதில் என்ன லாபம்? தடிமன் கூடாமல் அகலத்திலோ உயரத்திலோ கூடுகிற மாதிரி கிடைத்தால் போடுவேன்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர் மேல் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. மேப் மாற்றப் போகிறவர்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டிக் கேட்டுவிடுவதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது. தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி கிளெய்ம் மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் புல்லிதான் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், மிதித்தவுடன் வருகிற அந்த இழுவை எனக்கும் பிடித்ததுதான். ஒன்றே ஒன்று செய்யுங்கள். தெர்மோகப்பிளை ஒட்டி, சித்திரை வெயிலில் உங்கள் வழக்கமான ரோட்டில் பழைய புல்லியோடு அளந்துவிடுங்கள். நெரிசலை விட்டு வந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இன்டர்கூலர் சூடு இறங்கவில்லை என்றால், முதலில் அதைச் சரி பண்ண வேண்டும். இறங்குகிறது, கூலன்ட்டும் 100-க்குக் கீழே நிற்கிறது என்றால், டைமிங் செயினின் நீட்சியையும் கம்ப்ரஷனையும் சோதித்துவிட்டு, மேல் புல்லியை மட்டும், 15 சதவீதத்துக்கு மேல் போகாமல், பெல்ட்டும் அதை இறுக்கும் டென்ஷனரும் புதிதாகப் போட்டு மாற்றலாம். மேப் எழுதுபவரிடம் நம்ம ஊர்ச் சூட்டில் எடுத்த உங்கள் பதிவுகளைக் கொடுங்கள், 95 ஆக்டேனுக்கு எழுதச் சொல்லுங்கள். மழை தொடங்கியதும் பெல்ட்டின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பள்ளங்களின் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வழுக்கத் தொடங்கிவிட்டது, அடுத்த பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.